எத்னோபர்ப்: பொருளும் தமிழ்ச் சொல்லும்

லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே சான் கேப்ரியல் பள்ளத்தாக்கில் சீனர்கள் குடியேறிய விதத்தை ஆராய்ந்த புவியியலாளர் வெய் லி, ஓரினத்தார் செறிந்து வாழும் புறநகரைக் குறிக்க 1990களின் பிற்பகுதியில் ‘எத்னோபர்ப்’ என்ற சொல்லை ஆக்கினார். மக்களினத்தைக் குறிக்கும் ‘எத்னோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லோடு, புறநகரைக் குறிக்கும் ‘சபர்ப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதியை ஒட்டியதால் பிறந்த சொல் இது.

அங்குள்ள மான்டரே பார்க்கைப் பார்த்தால் பொருள் விளங்கிவிடும். 1960இல் பெரும்பாலும் வெள்ளையர் வாழ்ந்த அவ்வூரில், 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஆசியர்கள் பாதிக்கு மேல் இருந்தனர். நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமும், வீடு விற்பதில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த 1968ஆம் ஆண்டுச் சட்டமும் வழிதிறக்க, பிரெடரிக் ஷே என்ற வீட்டுமனைத் தொழிலர் செல்வர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸுக்கு ஒப்பிட்டு ‘சீனர்களின் பெவர்லி ஹில்ஸ்’ என்று தைவானிலும் ஹாங்காங்கிலும் அவ்வூரை விளம்பரப்படுத்தினார். 1983இல் லில்லி லீ சென் மேயரானார். கடைப் பலகைகளில் சீன எழுத்து பெருகியதைப் பழைய குடிகள் பலர் விரும்பவில்லை. ஆங்கிலமே அலுவல் மொழியாக வேண்டும் என்று 1986இல் நகரமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, பின்னர் அதைத் திரும்பப் பெற்றது.

ஒதுக்கப்பட்டவர்கள் வேறு போக்கிடமின்றி நகர நடுவில் கூடிவாழ்ந்த பழைய சைனாடவுன் வேறு, கையில் முதலோடு வந்தவர்கள் தாமே தேர்ந்து வீடு வாங்கிய இப்புறநகர் வேறு. இங்கே ஓரினம் செறிந்திருக்கும். ஆனால் அதுவே பெரும்பான்மையாக இருக்க வேண்டியதில்லை, பிற இனத்தாரும் உடன் வாழ்வர்.

‘இனப்புறநகர்’ என்ற நேர்பெயர்ப்பு, ஓரினத்தார் மட்டுமே வாழும் ஊர் என்ற மயக்கத்தைத் தருவதால் எனக்கு உடன்பாடில்லை. மதுரைக்கு வெளியே கோவலனும் கண்ணகியும் தங்கிய இடத்தைச் சிலப்பதிகாரம் ‘புறஞ்சேரி’ என்கிறது. சபர்புக்கு இதைவிட அழகான பழஞ்சொல் கிடைப்பது அரிது. ஆயினும் ‘சேரி’ இன்று ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பையே உணர்த்துவதால், வசதி படைத்தோர் விரும்பிச் சேர்ந்த ஊருக்கு அது பொருந்தாது. அதே காப்பியம், கடல்வணிகத்தின் பொருட்டுப் புகாருக்கு வந்து பிறரோடு கலந்து உறைந்தவர்களைப் ‘புலம்பெயர் மாக்கள்’ என்கிறது. இடம்பெயர்வையும் கலந்து வாழ்தலையும் ஒருங்கே நினைவூட்டும் அத்தொடரை ஒட்டி, ‘புலம்பெயர் புறநகர்’ என்பதே தகும். இன்ன இனத்தார் என்று காட்ட வேண்டுமானால் முன்னே ஒரு சொல்லைச் சேர்க்கலாம்: நியூ ஜெர்சியின் எடிசன், இந்தியர் செறிந்த புலம்பெயர் புறநகர்.