இரண்டாம் மாதச் சந்தாவை யார் கட்டுவார்?

ஓடிடி ஆப்களுக்குச் சந்தா வசூலிக்கும் பகுதியை அமைத்துக் கொடுப்பது என் வேலை. புதிதாக ஓடிடி தொடங்க நினைக்கும் தயாரிப்பாளர்கள் அடிக்கடி பேச வருவார்கள். "கையில் நாற்பது படம் இருக்கு, மாசம் 99 ரூபாய், ஒரு லட்சம் பேர் வந்தால் போதும்" என்பார்கள். அந்த நாற்பதில் மக்கள் தேடி வருவது ஒன்றையோ இரண்டையோதான். சனி, ஞாயிறில் பார்த்து முடித்துவிடுவார்கள். அப்புறம்?

இன்று பல வீடுகளில் ஓடிடி என்பது போன் ரீசார்ஜோடு வருவது. ஜியோ, ஏர்டெல் பேக்குகள் சிலவற்றில் ஜியோஹாட்ஸ்டார் சேர்ந்தே கிடைக்கிறது. அதற்கென்று தனியாகப் பணம் கட்டுவதாக யாருக்கும் தோன்றாது. நீங்கள் கேட்கும் 99 மட்டும் தனிச் செலவாகக் கண்ணில் படும். நெட்ஃபிளிக்ஸே 2021 டிசம்பரில் மொபைல் திட்டத்தை 199 ரூபாயிலிருந்து 149க்கு இறக்கியது.

அடுத்தது ஆட்டோபே, அதாவது மாதச் சந்தா தானாகவே பிடிக்கப்படுவது. அதற்கான ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கார்டிலிருந்து மாதாமாதம் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். வேண்டாம் என்றால் அவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மக்களுக்கு இது நல்ல பாதுகாப்பு, கட்டாயம் இருக்க வேண்டியது. ஆனால் மறந்துபோய்க் கட்டிக்கொண்டிருப்பவர்களை நம்பிக் கணக்குப் போட்ட சேவைக்கு இனி வழியில்லை. நான் பார்த்த அளவில், விட்டுப்போனவர்களில் பலர் யோசித்து விலகியவர்களே இல்லை. பணம் எடுக்கும் நாளில் கணக்கில் இருப்பு இருந்திருக்காது. மறுபடி போய்க் கட்டும் அளவுக்கு அந்த ஆப்பில் அவர்களுக்கு ஒன்றும் இருந்திருக்காது.

அந்த 99 கூட முழுதாகக் கைக்கு வராது. அதற்குள்ளேயே அடங்கிய 18 சதவீத ஜிஎஸ்டி போனால் சுமார் 84. கூகுள் பிளே வழியாக வந்த சந்தா என்றால் அவர்களின் 15 சதவீதமும் போய், மிஞ்சுவது சுமார் 71 ரூபாய். சர்வர் செலவும் விளம்பரமும் இதிலிருந்துதான்.

முதலீடு குறைவு என்பதால்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் க்விபி என்ற ஓடிடி சுமார் 175 கோடி டாலரோடு 2020 ஏப்ரலில் வந்தது. நிறுவனர் ஜெஃப்ரி கேட்சன்பெர்க், ட்ரீம்வொர்க்ஸ் என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர். பத்து நிமிடத்துக்குள் முடியும் நிகழ்ச்சிகள், அதுவும் போனில் மட்டும். கொரோனாவால் ஊரே வீட்டில் டிவி முன் உட்கார்ந்திருந்த நேரம் அது. 90 நாள் இலவசமாகக் கொடுத்தும் போதிய சந்தாதாரர்கள் சேரவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று மூடிவிட்டார்கள்.

இங்கேயும் டிவியைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சாம்சங்குக்கு ஒரு ஆப், எல்ஜிக்கு ஒன்று, ஆண்ட்ராய்டு டிவிக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்ய வேண்டும், செலவு கூடும். ஆனால் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் வீடுகளில்தான் சந்தா நிலைக்கிறது.

இப்போதெல்லாம் பேச வருபவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை எந்த வாரம் என்ன புதிதாக வரும்? அதை எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியல் நிறையவில்லை என்றால், ஏற்கெனவே ஓடும் தளம் ஒன்றுக்கு வருமானப் பங்கு அடிப்படையில் படங்களைக் கொடுத்துவிடுங்கள். ஆப்புக்கு வைத்த பணத்தை அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.