ஓட்டை ஸ்பீக்கரும் ஒன்றரை மடங்கும்

"புளூஸிலிருந்து ராக் அண்ட் ரோல், ராக்கிலிருந்து ஹெவி மெட்டல் என்று வம்சாவளிப் படம் போட்டுக் காட்டுகிறார்களே, ஓர் இசைவகை இன்னொன்றைப் பெற்றெடுக்கும்போது உண்மையில் என்னதான் நடக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வழக்கமான பதில் பலருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவின் தென்பகுதிக் கறுப்பின மக்கள் சிகாகோ போன்ற தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். கூடவே போன அவர்களின் புளூஸ் இசை அங்கே மின்சாரக் கிட்டாரைக் கையில் எடுத்தது. அதோடு கன்ட்ரி என்ற நாட்டுப்புற இசையும் கலந்து 1950களில் ராக் அண்ட் ரோல் வந்தது. அந்த இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த பிரிட்டிஷ் இளைஞர்கள் 1964இல் அதையே அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொண்டுவந்து பாடினார்கள். எல்லாம் சரி. ஆனால் யார் யாரிடம் கேட்டுக் கற்றார்கள் என்பதைத்தான் இது சொல்கிறது. கைமாறிய சரக்கு என்ன? மெட்டு, தாளம், பாடும் முறை எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்த சரக்கு வேறு: ஒரு பழுது.

1951இல் ஐக் டர்னரின் குழு 'ராக்கெட் 88' பாடலைப் பதிவு செய்ய மெம்ஃபிஸ் நகருக்குப் போனது. வழியில் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிட்டது. காரிலிருந்து விழுந்தது என்பார்கள், மழையில் நனைந்தது என்பார்கள். கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து எப்படியோ வாசித்தார்கள். கிட்டார் கரகரத்தது. பதிவு செய்த சாம் ஃபிலிப்ஸுக்கு அந்தக் கரகரப்பு பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். முதல் ராக் அண்ட் ரோல் பதிவு இதுதான் என்று சொல்வோர் பலர்.

பத்தாண்டு கழித்து நாஷ்வில்லில் ஒரு கன்ட்ரி பாடல் பதிவின்போது, ஒலிப்பதிவு மேசையின் ஒரு தடத்தில் கோளாறு. கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு கம்பி பேஸ் கிட்டார் வண்டு உறுமுவது போல ஒலித்தது. மார்ட்டி ராபின்ஸின் அந்தப் பாடல் 1961இல் அப்படியே வெளிவந்தது. ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்நோடி அந்தக் கோளாறை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு சின்னப் பெட்டியை வடிவமைக்க, 1962இல் கிப்சன் நிறுவனம் அதை 'ஃபஸ் டோன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிட்டாரைப் பித்தளை ஊதுகருவி போல ஒலிக்கவைக்கும் என்பது விளம்பரம். சில ஆண்டுகள் சீந்துவாரில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், பின்னால் ஊதுகருவிகளை வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் அந்தப் பெட்டியை மிதித்து 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாடலின் தொடக்கத்தை வாசித்தார். ஊதுகருவி வரவேயில்லை. பாட்டு பிய்த்துக்கொண்டு போக, பெட்டிகளும் கடைகளில் தீர்ந்துபோயின.

இடையில், அதே கரகரப்புக்காக 1958இல் கிட்டார்காரர் லிங்க் ரே பென்சிலால் ஸ்பீக்கரைக் குத்தியதும், 1964இல் கின்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் கீறியதும் நடந்தன. புளூஸ், கன்ட்ரி, ராக் என்று வேலி போட்டவர்கள் இசைத்தட்டு விற்றவர்கள். 'பில்போர்டு' பத்திரிகை கறுப்பினத்தவர் இசையை 1949 வரை 'ரேஸ் ரெகார்ட்ஸ்' என்றே பட்டியலிட்டது, அப்புறம்தான் 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று பெயர் மாற்றியது. ஓட்டை ஸ்பீக்கருக்கு இந்த வேலி எதுவும் தெரியாது.

அந்த ஓட்டை அப்படி என்ன செய்கிறது?

ஆம்ப்ளிஃபயரின் வேலை சின்ன அலையைப் பெரிதாக்குவது. ஆனால் எந்த ஆம்ப்புக்கும் ஒரு கூரை உண்டு, அதற்குமேல் மின்னழுத்தத்தை அதனால் தரமுடியாது. அளவுக்கு மீறித் திருகினால் அலையின் முகடு கூரையில் தட்டி மழுங்கும். வளைவான அலை கிட்டத்தட்டச் சதுரமாகும். சதுர அலை என்றால் அடிப்படைச் சுரத்தோடு அதன் 3, 5, 7 மடங்குகளும் சேர்ந்தது என்பது பள்ளிப் பாடம். 110 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 330, 550, 770 என்று மேற்சுரங்கள் வரிசைகட்டும். கரகரப்பு அதுதான். இன்னொரு லாபமும் உண்டு: கம்பியின் அதிர்வு குறைந்துகொண்டே வந்தாலும் முகடு கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை வெளியே கேட்கும் சத்தம் குறையாது. மீட்டினால் சட்டென்று மங்கிவிடும் கிட்டார், வயலினைப் போல இழுத்து நிற்கும்.

இரண்டு சுரங்களை ஒன்றாக மீட்டும்போதுதான் வேடிக்கை. நல்ல ஆம்ப்பில் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். கூரை தட்டும் ஆம்ப்பில் அது நடக்காது. ஓர் அலை உச்சியில் இருக்கும்போது மற்றதற்கு எழும்ப இடமில்லை. ஒன்றின் ஆட்டம் மற்றதன்மேல் பதிந்து, யாரும் வாசிக்காத அதிர்வெண்கள் பிறக்கின்றன. இரண்டின் கூட்டல், கழித்தல், ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்தது என்று ஒரு கூட்டமே வரும்.

ச 110 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ப அதன் ஒன்றரை மடங்கு, 165. கழித்தால் 55. முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால், 220 − 165, மறுபடி 55! இரண்டாவதை இரட்டித்து முதலாவதைக் கழித்தால் 220. கூட்டினால் 275. அத்தனையும் 55இன் மடங்குகள். வழக்கமான கிட்டாரின் தடித்த கம்பியே சுமார் 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதற்கும் கீழே, நாம் வாசித்த 110இலிருந்து முழுசாக ஒரு ஸ்தாயி இறங்கி, ஒரு ச முளைக்கிறது. ஸ்பீக்கரால் 55ஐச் சரியாகத் தரமுடியாவிட்டாலும் பரவாயில்லை, அதன் மடங்குகள் வரிசையாக வருவதைக் கேட்டு மூளையே அடியை ஊகித்துக்கொள்ளும். அந்த 275ஐயும் கொஞ்சம் கவனியுங்கள். அது மேல் ச-வான 220இன் ஒன்றேகால் மடங்கு, அதாவது அந்தர காந்தாரம். ச, ப இரண்டை மட்டும் வாசித்தவருக்கு க இலவசம். எத்தனை முறை கணக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. ராக் கிட்டார்காரர்கள் 'பவர் கார்ட்' என்பது இந்த ச-ப ஜோடியைத்தான்.

இலவசமாக வரும் க-வைப் பேராசைப்பட்டு நாமே சேர்த்து வாசித்தால்? கிட்டாரின் சுரக்கட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம சுர இடைவெளிகளாகப் பிரிப்பவை. அதில் ப கிட்டத்தட்டச் சரியாக 164.8இல் நிற்கும். க மட்டும் 137.5க்குப் பதில் 138.6இல் நிற்கும். சாதாரண கிட்டாரில் காது இதை மன்னித்துவிடும். ஆனால் கூரை தட்டும் ஆம்ப்பில், ஒரே எண்ணாக வரவேண்டிய இரண்டு கழித்தல்கள் (க − ச, ப − க) 28.6, 26.2 என்று பிரிந்து ஒன்றோடொன்று உரசும். கேட்டால் வெறும் சேறு. புளூஸின் செழிப்பான கார்டுகள், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள், ஹார்ட் ராக்கில் மெலிந்து இரண்டு சுரங்களாக நின்றதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். இரைச்சல் கூடியது, இசையின் இலக்கணமே மாறியது.

அடுத்த பழுது ஒரு மனிதருக்கு நேர்ந்தது. பின்னாளில் ஹெவி மெட்டலின் முன்னோடியான பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார்காரரான டோனி அயோமி, பர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலைபார்த்தார். அங்கே அவருக்குப் பதினேழு வயதில் விபத்து. வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளைப் போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். இரண்டு விரலில் அடங்கும் பவர் கார்ட் அவருக்கு வரமானது. 1970இல் வந்த பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பத்தில் முதல் பாடலே ச-வுக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடையிலான தாவலில் தொடங்குகிறது. 'சாத்தானின் இடைவெளி' என்று ஐரோப்பாவில் பெயர் வாங்கிய ஜோடி இது. இதை வாசிக்கக்கூடாது என்று அக்காலத் தேவாலயம் தடை போட்டதாக ஒரு கதை இன்னும் சுற்றுகிறது, அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. சாத்தானை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 110, 155.6. கழித்தால் 45.6. இருமடங்கிலிருந்து கழித்தால் 64.4. எதுவும் எதோடும் ஒட்டவில்லை. இவை சேர்ந்து கரகரக்கும்போது நமக்குள் கிளம்பும் சங்கடத்துக்குப் பேய் தேவையில்லை.

இப்படி ஒரு ஒலிநிறம் பரவுவதை அளந்து பார்க்கவும் முடியும். பரிணாம உயிரியலாளர் அர்மாண்ட் லெராயும் மத்தியாஸ் மாவ்க் உள்ளிட்ட கணினி இசை ஆய்வாளர்களும் 1960 முதல் 2010 வரை அமெரிக்கத் தரப்பட்டியலில் இடம்பெற்ற சுமார் 17,000 பாடல்களைக் கணினியில் அலசி, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். 1964, 1983, 1991 என்று மூன்று பெரிய திருப்பங்கள் தெரிந்தன. அவற்றில் மிகப் பெரியது ராப் பட்டியலுக்குள் நுழைந்த 1991. பிரிட்டிஷ் குழுக்கள் வந்து இறங்கியதால்தான் 1964 புரட்சி என்ற புராணமும் ஆட்டம் கண்டது. அவர்கள் வருமுன்பே காற்று அந்தப் பக்கம் திரும்பியிருந்தது, அவர்கள் அதை வேகப்படுத்தினார்கள். பாட்டை எண்ணுவதற்கெல்லாம் ஆய்வுப் பணமா என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பண்பாடு எப்படி மாறுகிறது என்பதற்கு ஆண்டுவாரியாகத் தேதி போட்ட இவ்வளவு சுத்தமான தரவு வேறெங்கே கிடைக்கும்? என்னைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம்.

1983ஐ ஒட்டிய திருப்பத்தில் மின்னணு இயந்திரங்களின் கை ஓங்கியிருந்தது. அதிலும் ஒரு பழுது ஒளிந்திருக்கிறது. ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர் 808 தாளப்பெட்டியில் அந்தச் சீறலான சத்தத்துக்காகவே, தரச்சோதனையில் கழிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் போட்டார்கள். நிஜ டிரம் போல இல்லை என்று பலர் ஒதுக்கிய பெட்டி, பழைய விலைக்குக் கைமாறி ஹிப்ஹாப்பிலும் டெக்னோவிலும் குடியேறியது. உற்பத்தி 1983இல் நின்றது. குறைக்கடத்தித் தொழிற்சாலைகள் தரத்தில் முன்னேறியதால், கெட்டுப்போன டிரான்சிஸ்டர்கள் போதுமான அளவு கிடைக்கவில்லை.