குவாரன்டீன்: சொல்லுக்குள் ஒரு கெடு

வீட்டுக் கதவில் ஒட்டிய அந்தத் தாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மேலே தடித்த எழுத்தில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு'. கீழே மூன்று கட்டங்கள்: எத்தனை பேர், தொடங்கும் நாள், முடியும் நாள். முதல் இரண்டையும் நீல மையில் நிரப்பியிருந்தார்கள். மூன்றாவது வெறுமையாக இருந்தது. கேட்டதற்கு, "அதை அப்புறம் சொல்லுவாங்க சார்" என்றார் ஒட்ட வந்த இளைஞர். அவர்மேல் வருத்தம் இல்லை, அவர் கையில் இருந்தது பசையும் தாளும் மட்டும்தான். ஆனால் உள்ளே இருந்த நாட்களில் காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயத்தைவிட அந்த வெற்றுக் கட்டம்தான் என்னை அதிகம் வாட்டியது. அந்த நாட்களில்தான் 'குவாரன்டீன்' என்ற சொல்லின் வேரைத் தேடினேன். முடியும் நாள் அந்தச் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது.

இத்தாலிய மொழியில் நாற்பதுக்கு 'குவாரந்தா' என்று பெயர். வெனிஸ் நகரத்துப் பேச்சு வழக்கில் 'குவாரந்தேனா' என்றால் நாற்பது நாள். அங்கிருந்து பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போய், ஆங்கிலம் வழியாக நம்மிடம் 'குவாரன்டீன்', 'குவாரன்டைன்' என்று வந்து சேர்ந்தது. அதாவது, நோய், தடுப்பு, பூட்டு, காவல் எதுவும் இந்தச் சொல்லின் வேரில் இல்லை. இருப்பது ஓர் எண் மட்டுமே.

இந்த ஏற்பாடு தொடங்கிய இடம் ரகூசா என்ற துறைமுக நகரம். இன்று குரோவேஷியாவில் துப்ரோவ்னிக் என்ற பெயரில் இருக்கிறது. 1377-இல் அந்த நகர மன்றம் ஒரு விதி போட்டது. கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருபவர்கள் மிர்கான் என்ற சிறு தீவிலோ சவ்தாத் என்ற ஊரிலோ ஒரு மாதம் தங்கிவிட்டுத்தான் நகருக்குள் வரலாம். அப்போது கணக்கு முப்பது நாள். பிறகு அது நாற்பதாக நீண்டு, நாற்பதே பெயராக நிலைத்துவிட்டது. வெனிஸ் 1423-இல் ஒரு தீவில் கொள்ளைநோய் மருத்துவமனையை நிறுவியது. 1468-இல் இன்னொரு தீவைச் சந்தேகத்துக்குரிய கப்பல்களுக்கென்று ஒதுக்கியது. கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. நாற்பது என்ற எண்ணுக்குப் பின்னால் இன்றைய ஆய்வுக்கூடக் கணக்கு எதுவும் இருந்திருக்க முடியாது. இருந்தும், உள்ளே போகிறவருக்கு என்றைக்கு வெளியே வருவோம் என்பது தெரிந்திருந்தது.

இந்தச் சொல்லுக்கு ஆங்கிலச் சட்டத்தில் வேறொரு பொருளும் உண்டு. கணவனை இழந்த பெண், அவன் வீட்டிலேயே நாற்பது நாள் தங்கியிருக்கலாம். யாரும் அவளை வெளியேற்றக் கூடாது. அந்த நாற்பது நாளுக்குள் அவளுக்குச் சேர வேண்டிய சொத்துப் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். 1215-இன் மாக்னா கார்ட்டா சாசனத்தில் ஏழாவது பிரிவு இதைச் சொல்கிறது. அந்த உரிமைக்கும் பிற்காலச் சட்ட நூல்கள் வைத்த பெயர் குவாரன்டீன்தான். வீட்டுக்குள் அடைப்பது என்று நாம் அறிந்த சொல், வீட்டைவிட்டுத் துரத்தப்படாமல் இருக்கும் உரிமைக்கும் பெயராக இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று வெகுநேரம் அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை நான்.

சரி, நடைமுறையில் என்ன நடந்தது? நோய்க்கு வேலி போடுகிறோம் என்று சொல்லி, பிடிக்காத மனிதர்களைச் சுற்றி வேலி போடுவது பல முறை நடந்திருக்கிறது. அதில் 1900-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். சீனர்கள் வாழ்ந்த பகுதியில் ஒருவர் பிளேக் நோயால் இறந்ததாகச் சந்தேகம் எழுந்ததும், பகுதி முழுவதையும் கயிறு கட்டி அடைத்துக் காவலர்களை நிறுத்தினார்கள். சில நாட்களில் அதை நீக்கி, மே மாத இறுதியில் மறுபடியும் அடைத்தார்கள். அந்த எல்லைக்கோடு எப்படிப் போனது தெரியுமா? அதே தெருக்களில் வெள்ளையர் நடத்திய கடைகளையும் கட்டடங்களையும் சுற்றி வளைந்து, அவற்றை வெளியே விட்டுவிட்டுப் போனது. உள்ளே அகப்பட்ட ஜூ ஹோ என்ற மளிகைக் கடைக்காரர் வழக்குப் போட்டார். ஜூன் மாதம் நீதிபதி வில்லியம் மாரோ அந்த அடைப்பைச் செல்லாது என்றார். அவர் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, ஓர் இனத்தார்மேல் மட்டும் பாய்கிறது. இரண்டு, நோய் கண்ட வீட்டை மட்டும் பிரிக்காமல் பகுதி முழுவதையும் சேர்த்து அடைப்பதால் நலமாக இருப்பவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது. அநீதியான அடைப்பு மருத்துவக் கண்ணோட்டத்திலும் தவறான அடைப்பு என்று 1900-இலேயே ஒரு நீதிமன்றம் எழுதிவிட்டது.

நியூயார்க்கின் மேரி மலான் கதை பலருக்கும் தெரிந்தது. தனக்கு நோயின் அறிகுறி எதுவும் இல்லாமல் டைபாய்டு கிருமியைச் சுமந்த சமையல்காரப் பெண். 1907-இல் தீவில் அடைத்தார்கள், 1910-இல் இனிச் சமையல் வேலைக்குப் போகமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு விட்டார்கள். பேர் மாற்றிக்கொண்டு திரும்பவும் சமைத்தார். அது தவறுதான். 1915-இல் மறுபடி அடைத்தார்கள், 1938-இல் சாகும்வரை தீவில்தான் இருந்தார். பிழைக்கத் தெரிந்த ஒரே தொழிலைப் பறித்தவர்கள் அதற்கு ஈடான இன்னொன்றைக் கொடுக்கவில்லை. நாற்பது நாள் என்று தொடங்கிய சொல், அவருக்கு இருபத்தாறு ஆண்டுகள் ஆனது.

தமிழர்களுக்கும் இந்தச் சொல் 2020-இல் வந்தது அல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, சோதனை முடிந்த பிறகுதான் கடல் கடந்தார்கள். மண்டபம் முகாம் என்ற பெயரில் அங்கே இன்றும் ரயில் நிலையம் இருக்கிறது. மலாயாவுக்குப் போனவர்களுக்குப் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவு. இந்தியாவின் தொற்றுநோய்ச் சட்டமும் இலங்கையின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டமும் ஒரே ஆண்டில், 1897-இல், பிறந்தவை. இந்தியச் சட்டம் பிறந்தபோது நான்கே பிரிவுகள் கொண்டது. அரசுக்கு அதிகாரம் உண்டு, மீறினால் தண்டனை உண்டு, நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரிமேல் வழக்குப் போட முடியாது. அடைக்கப்படுபவருக்கு என்ன உரிமை என்று ஒரு வரிகூட இல்லை. கொரோனா காலத்தில் தூசி தட்டி எடுத்தது இந்தச் சட்டத்தைத்தான். வீட்டு வாசலில் அறிவிப்புத் தாள் ஒட்டும் வழக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில்தான் கட்டுப்பாடு விதித்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி குறிப்பிட்ட நேர்வில் உத்தரவிட்டால் ஒழிய ஒட்டக் கூடாது என்றது.

இனி, தமிழில் இதை எப்படிச் சொல்வது?

செய்திகளில் 'தனிமைப்படுத்தல்' என்று எழுதுகிறோம். இதில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது வேறு, நோயாளியோடு பழகிய, இன்னும் நோய் தெரியாதவரைச் சில நாள் பொறுத்துப் பார்ப்பது வேறு. மருத்துவத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். குவாரன்டீன் இரண்டாவதைக் குறிக்கும். நாம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டதால், நலமாக இருப்பவரையும் ஊர் நோயாளியாகப் பார்த்தது. இன்னொரு குறை, ஒண்டுக்குடித்தனத்தில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கு 'தனிமை' என்ற சொல் பொருந்தவே பொருந்தாது.

'தொற்றொதுக்கம்' என்று சிலர் எழுதிப் பார்த்தார்கள். சொல்லமைப்பு சரிதான். ஆனால் 'ஒதுக்கி வைத்தார்கள்' என்ற தொடர் நம் காதில் ஊர்விலக்காகத்தான் விழும். 'சமூக இடைவெளி' என்பதும் இப்படித்தான் நெருடியது. சாதியின் பேரால் இடைவெளி வைத்த சமூகத்தில் அந்தத் தொடரைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. 'தனிமனித இடைவெளி' என்று மாற்றிச் சொன்னவர்கள் நல்ல காரியம் செய்தார்கள்.

'தொற்றுத்தடைக் காப்பு' என்றும் ஒரு சொல் உண்டு. நீளம் அதிகம். அதைச் சுருக்கித் 'தொற்றுக்காப்பு' என்றால் நாவுக்கும் சுலபம், பொருளும் சரியாக விழுகிறது. கா என்ற வேரிலிருந்து காவல் வருகிறது, காப்பும் வருகிறது. 'காவலில் வைத்தார்கள்' என்றால் உள்ளே இருப்பவர் குற்றவாளி. காப்பு என்றால் காக்கப்படுபவர். காப்பீடு, காப்பகம் என்று அந்தச் சொல் போகும் இடமெல்லாம் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்கிறார். ஊருக்காக ஒருவர் தன் நடமாட்டத்தை விட்டுக்கொடுக்கிறார் என்றால், அந்த நாட்களின் சாப்பாடு, மருந்து, இழக்கும் கூலி, எல்லாம் ஊரின் பொறுப்பு. உலக சுகாதார அமைப்பின் 2005 பன்னாட்டு விதிகளில் 32-ஆம் பிரிவு, பயணிகளை இப்படி வைத்தால் உணவு, தண்ணீர், மருத்துவம், தொடர்புகொள்ளும் வழி ஆகியவற்றைத் தர வேண்டும் என்கிறது. தன் வீட்டிலேயே அடைபட்ட தினக்கூலிக்காரருக்கும் அந்த விதி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த எண். தமிழாக்கத்தில் தொலைந்துபோன நாற்பதைத் திரும்பக் கொண்டுவர 'காப்பு நாள்' என்று சொல்லலாம். கதவில் ஒட்டும் தாளில் 'முடியும் நாள்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அதிகாரி கையெழுத்துப் போட முடியாது என்று விதி வர வேண்டும். கூடவே, இந்த உத்தரவு தவறு என்றால் யாரிடம் சொல்வது என்பதற்கு ஒரு கட்டம். வாக்கியத்தில் இப்படி எழுதலாம்: 'இந்த வீட்டார் தொற்றுக்காப்பில் இருக்கிறார்கள். காப்பு நாள் பதினான்கு. இன்று ஆறாம் நாள்.'