ஒரு ரூபாய் உதைக்கிறது: பழைய நிரலில் கை வைக்கும் முன்

மாதக் கடைசி. அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து போன். “சார், ரிட்டர்ன் பில்லுல ஒரு ரூபா உதைக்குது. எல்லாத்துலயும் இல்ல, சிலதுல மட்டும்.” அந்த மாதம்தான் பில்லிங் நிரலை, விடை மாறாமல் உள்ளமைப்பை மட்டும் சீராக்கும் ரீஃபாக்டரிங் முறையில், சுத்தம் செய்து லைவில் ஏற்றியிருந்தேன். “லாஜிக்கைத் தொடவே இல்லை, வெறும் ரீஃபாக்டரிங்தான்” என்று மேனேஜரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஜாவாவில் எழுதிய மென்பொருள் அது, ஒரு மொத்த வியாபாரக் கடைக்காக ஓடிக்கொண்டிருந்தது. பில் தொகையைக் கணக்கிடும் ஃபங்ஷன் மட்டும் 900 வரி. அடியில் வாட் வரிக் காலத்து நிரல், அதன்மேல் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த வாரம் அவசர அவசரமாக ஒட்டிய இஃப்கள், அதற்கும் மேல் வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறும் தள்ளுபடிகள். எழுதியவர்கள் யாரும் இப்போது கம்பெனியில் இல்லை. ஃபங்ஷன் சரியான விடை தருகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் யூனிட் டெஸ்ட், மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது.

நான் செய்தது சின்ன வேலைதான். பணத்தை டபுளில், அதாவது தசமங்களைத் தோராயமாக வைக்கும் எண் வகையில், வைத்திருந்தார்கள். அது கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே எல்லாரும் படிக்கும் பாடம். தசமங்களைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமலுக்கு மாற்றினேன். முழு ரூபாயாக்க ஜாவாவின் மேத்.ரவுண்ட் இருந்த இடத்தில் ஹாஃப் அப் என்ற ரவுண்டிங் முறையைப் போட்டேன். 1,250.50 கொடுத்தால் இரண்டுமே 1,251 தருகின்றன. நான்கைந்து பில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. எல்லாம் விற்பனை பில்.

ரிட்டர்னில் தொகை மைனஸில் வரும். −1,250.50 கொடுத்தால் மேத்.ரவுண்ட் −1,250 தரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அது எப்போதும் பிளஸ் பக்கமாகத்தான் தள்ளும். ஹாஃப் அப் அப்படியில்லை, பூஜ்ஜியத்தை விட்டு விலகிப் போகும்: −1,251. சரியாக 50 பைசாவில் முடியும் ரிட்டர்ன்களில் மட்டும்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

விற்கும்போது 1,251 வாங்கிவிட்டுத் திருப்பும்போது 1,250 கொடுப்பதுதானே தப்பு? நானும் அப்படித்தான் வாதாடினேன். ஆனால் அந்தத் தப்பு பல வருடமாக அங்கே குடியிருந்திருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கவனித்து, அப்படிப்பட்ட ரிட்டர்ன்களுக்கு மட்டும் ஒரு ரூபாய் ரவுண்ட் ஆஃப் பதிவு போட ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். நான் இங்கே பிழையைத் திருத்த, அங்கே ஸ்கிரிப்ட் வழக்கம்போல ஒரு ரூபாயைச் சேர்க்க, கணக்கு உதைத்தது.

டெஸ்ட் இல்லாத நிரல்தான் லெகசி நிரல் என்று மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-இல் ஒரு வரையறை சொன்னார். நிரலின் வயது அதில் கணக்கே இல்லை. போன வாரம் எழுதியதும் டெஸ்ட் இல்லையென்றால் லெகசிதான். முதலில் கேட்டபோது கொஞ்சம் அதிகப்படி என்று நினைத்தேன். அந்த போனுக்கு அப்புறம் அப்படி நினைப்பதில்லை.

அதன்பின் பழைய நிரலைத் தொடும் முன் ஒரு வேலை செய்கிறேன். அது என்ன செய்ய வேண்டும் என்பதை ஒதுக்கிவிட்டு, இப்போது என்ன செய்கிறது என்பதை டெஸ்டாக எழுதி வைக்கிறேன். கேரக்டரைசேஷன் டெஸ்ட் என்பார்கள். எழுதுவது சுலபம். ஃபங்ஷனுக்கு −1,250.50 கொடுத்து, எதிர்பார்க்கும் விடையாக வேண்டுமென்றே 0 போட்டு ஓட்டுங்கள். டெஸ்ட் ஃபெயிலாகி, 0 எதிர்பார்த்தோம், வந்தது −1,250 என்று டெஸ்ட்களை ஓட்டும் ஜேயூனிட்டே சொல்லிவிடும். அந்த −1,250-ஐ அப்படியே டெஸ்டில் எழுதிக்கொள்ளுங்கள். விடை தப்பாகத் தெரிந்தாலும் திருத்தக் கூடாது. பக்கத்தில் ஒரு கமென்ட் போதும்.

ஆனால் 900 வரி ஃபங்ஷன் அவ்வளவு லேசில் டெஸ்டுக்குள் வராது. எங்களுடையது நடுவில் இன்றைய தேதியை எடுத்து, அதை வைத்துத் தள்ளுபடி போடும். இன்று பாஸாகும் டெஸ்ட் மாதம் மாறினால் ஃபெயிலாகும். இங்கே பெரிய டிசைன் எதுவும் வேண்டாம். தேதியை வெளியிலிருந்து வாங்கும்படி புது ஃபங்ஷன் ஒன்றை வைத்து, உள்ளிருப்பதை அதற்குள் நகர்த்திவிட்டு, பழைய பெயரில் இருப்பது இன்றைய தேதியோடு அதை அழைத்தால் போதும். அழைக்கும் இடங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. டெஸ்ட் இல்லாமல் செய்யும் மாற்றம் இது ஒன்றுதான் என்பதால் கையால் வெட்டி ஒட்டாமல் ஐடிஇ (நிரல் எழுத உதவும் மென்பொருள்) தானாகவே பிரித்துத் தரும் எக்ஸ்ட்ராக்ட் மெத்தடையே நம்புகிறேன்.

எந்த உள்ளீட்டைக் கொடுப்பது? என் கற்பனையில் ரிட்டர்ன் பில் வரவே இல்லையே. அதனால் மூன்று மாத உண்மை பில்களை எடுத்து, பெயர், போன் நம்பரை அழித்துவிட்டு, பழைய நிரல், புது நிரல் இரண்டிலும் ஓட்டி விடைகளை ஒப்பிடுகிறேன். முதல் தடவை இப்படிச் செய்தபோது 17 பில் வேறுபட்டன. பதினேழும் ரிட்டர்ன்.

கவரேஜ், அதாவது டெஸ்ட்கள் நிரலில் எத்தனை வரிகளை ஓட்டிப் பார்க்கின்றன என்ற கணக்கு, 80 சதவீதம் வேண்டும் என்று நிற்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, ஆனால் அந்த எண்ணை நம்புவதுமில்லை. விற்பனை பில் ஒன்றே அந்த ரவுண்ட் வரியைக் கவரேஜில் பச்சையாக்கிவிடும். அதற்குப் பதில் டெஸ்ட் எழுதியதும் நிரலில் ஒரு பிளஸ்ஸை மைனஸாக்கிப் பார்க்கிறேன். எந்த டெஸ்டும் சிவப்பாகவில்லை என்றால் அந்த வரிக்குக் காவல் இல்லை என்று அர்த்தம்.

ஒரு ரூபாய்க்கு இவ்வளவா என்று கேட்டால், நைட் கேப்பிட்டல் கதையைச் சொல்வேன். அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான அது, பவர் பெக் என்ற வசதியை 2003-இல் நிறுத்தியது. நிரலை நீக்கவில்லை. எத்தனை பங்குகள் வாங்கியாயிற்று என்று கணக்கு வைக்கும் பகுதியை 2005-இல் வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். பார்த்தால் வெறும் ரீஃபாக்டரிங். அதன்பின் பவர் பெக்கை யாரும் டெஸ்ட் செய்யவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று பவர் பெக்கை இயக்கும் சுவிட்சாக இருந்த பழைய ஃப்ளாக்கையே ஒரு புது வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் புது நிரல் ஏறாமல் விட்டுப்போயிருந்தது. அந்த ஒன்றில் பவர் பெக் விழித்துக்கொண்டு, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஆர்டர் மேல் ஆர்டராகப் போட்டது. சுமார் 45 நிமிடம். நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். நகர்த்தியவரும் “லாஜிக்கைத் தொடவில்லை” என்று சொல்லியிருப்பாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

எங்கள் ஒரு ரூபாய்க்கு வருவோம். அன்றே என் மாற்றத்தைத் திரும்ப எடுத்தேன். டெஸ்ட்கள் எழுதியபின் பிக்டெசிமலுக்கு மறுபடி மாறினோம், இந்தத் தடவை மைனஸ் தொகைக்கு மட்டும் சரிபாதியைப் பூஜ்ஜியத்தின் பக்கம் தள்ளும் ஹாஃப் டவுன், பழைய விடையே வரும்படி. பிழையை அந்தக் கமிட்டில் (நிரல் மாற்றப் பதிவில்) திருத்தவில்லை. அக்கவுண்ட்ஸில் பேசினேன். “வருஷக் கணக்கு முடியட்டும் சார், நடுவுல வேணாம்” என்றார்கள். ஏப்ரல் 1 காலையில் அவர்கள் ஸ்கிரிப்டை நிறுத்தினார்கள், நாங்கள் ஹாஃப் டவுனை எடுத்தோம். டெஸ்ட் ஃபைலில் மாறியது ஒரே வரி: −1,250 இருந்த இடத்தில் −1,251.