கார்ட்டூன்தானே டாக்டர்!

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில், குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு ஒரே மாதிரியான புகார்கள் வரும். பிள்ளை தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறது. அப்பா வண்டிச் சாவியை எடுத்தாலே அழுகிறது. நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்திருக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்து, பாட்டி சொன்னபடி மந்திரித்துக் கயிறும் கட்டிவிட்டுக் கடைசியாக என்னிடம் வருகிறார்கள். (கயிறு கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்கேன் எடுத்ததில்தான் ஆட்சேபம்.) லீவில் என்ன பார்த்தான் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "சும்மா கார்ட்டூன்தான் டாக்டர். வேற எதுவும் காட்ட மாட்டோம்."

லீவில் 'தி லயன் கிங்' பார்த்துவிட்டு இந்த வாரம் வந்த ஆறு வயதுப் பையன் என் மேஜையில் இருந்த பொம்மைச் சிங்கத்தை எடுத்தான். மேஜை விளிம்பில் நிறுத்தி, ஒரு விரலால் தள்ளிவிட்டு, அது கீழே விழுவதைப் பார்த்தான். எடுத்து வந்து மறுபடி தள்ளினான். ஏன் விழுகிறது என்று கேட்டேன். "குட்டி கத்துச்சுல்ல, அதான்" என்றான். அப்புறம் அம்மா காதில் விழாதபடி, "நானும் அப்பாகிட்ட கத்துனேன்" என்றான். அப்பாவுக்கு நைட் ஷிப்ட். அவர் கிளம்பும்போதெல்லாம் இவன் ஏன் காலைக் கட்டிக்கொள்கிறான் என்று வீட்டில் இருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் புரியவில்லை.

எத்தனை முறை சொன்னாலும் இதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. வரைந்து எடுத்த படமெல்லாம் குழந்தைப் படம் ஆகிவிடாது. ஜப்பானில் ஸ்டூடியோ கிப்லி 1988இல் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' என்று ஒரு படம் எடுத்தது. 1945, கோபே நகரம். குண்டுவீச்சில் அம்மாவைப் பறிகொடுத்த ஒரு அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் பட்டினியில் சாகிற கதை. முதல் காட்சியிலேயே அண்ணன் ரயில் நிலையத்துத் தரையில் செத்துப்போகிறான். ஆனால் போஸ்டரில் பெரிய கண்ணும் குண்டுக் கன்னமுமாக ஒரு சின்னப் பெண் இருப்பாள். அதைப் பார்த்து ஒரு சித்தி ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டார். அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஜப்பானிலேயே அந்தப் படம், சின்னப் பிள்ளைகள் கொண்டாடுகிற 'மை நெய்பர் டோட்டோரோ'வோடு சேர்த்து இரட்டைக் காட்சியாகத்தான் வெளியானது.

படங்களுக்குச் சான்றிதழ் கொடுப்பதையே வேலையாகக் கொண்டவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். முயல்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் 'வாட்டர்ஷிப் டவுன்' படத்துக்கு 1978இல் பிரிட்டன் 'யு' சான்றிதழ் தந்தது. வரைந்த படம் என்பதால் ரத்தத்தின் கோரம் குறைந்துவிடுகிறது, கதையின் மயக்கம் கலைந்ததும் பிள்ளைகளை அது பெரிதாகப் பாதிக்காது என்று அதிகாரிகள் அப்போது குறிப்பு எழுதினார்கள். அதை 'பிஜி' (பெற்றோர் வழிகாட்டுதல் தேவை) என்று மாற்ற 2022 ஆகிவிட்டது. அதற்குள் பார்த்துப் பயந்த பிள்ளைகளெல்லாம் வளர்ந்து பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

சரி, குழந்தைகளுக்கென்றே எடுத்த படமாவது? 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. (அந்த இதழின் கிறிஸ்துமஸ் பதிப்பு கொஞ்சம் குறும்பானது. ஆனால் கணக்கு ஒழுங்கான கணக்கு.) 1937இன் 'ஸ்னோ ஒயிட்' தொடங்கி 2013இன் 'ஃப்ரோசன்' வரை அதிகம் வசூலித்த 45 குழந்தை அனிமேஷன் படங்களை, பெரியவர்களுக்கான 90 படங்களோடு ஒப்பிட்டார்கள். முக்கியமான பாத்திரம் ஒன்று திரையில் சாவது அனிமேஷன் படங்களில் மூன்றில் இரண்டு பங்கு. பெரியவர்கள் படத்தில் பாதி. கதாநாயகனின் அப்பா அம்மா சாகும் வாய்ப்பு அனிமேஷனில் ஐந்து மடங்கு. மீன் கதையான 'ஃபைண்டிங் நீமோ'வில் தலைப்பு வருவதற்கு முன்பே அம்மாவும், ஒன்றைத் தவிர அத்தனை முட்டைகளும் போய்விடும். அம்மா இருந்தால் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள், சாகசம் நடக்காது. கதை எழுதுகிறவர்களின் கஷ்டம் அது.

அதற்காக இந்தப் படங்களையே காட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சாவைக் கதையில் பார்ப்பதால் பிள்ளை கெட்டுப்போகாது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்து, கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொன்னால், வீட்டில் ஒரு சாவு நடக்கும்போது அது உதவவும் செய்யும். நாம் செய்வது என்ன? தெருவில் பறைச் சத்தம் கேட்டாலே பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறோம். தாத்தா இறந்த அன்று பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, கையில் மொபைலைக் கொடுக்கிறோம். அங்கே ஒரு சிங்கம் குன்றிலிருந்து விழுந்து சாகிறது. பார்ப்பதற்குத் துணை யாருமில்லை.

'தி லயன் கிங்' படத்தில் அப்பா சாகும் காட்சிக்குத்தான் பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது அதற்கு அடுத்த நிமிடத்துக்கு. கத்திப் பழகு என்று குட்டியைப் பள்ளத்தாக்கில் விட்டுப்போன சித்தப்பா ஸ்கார் திரும்பி வந்து, உன்னால்தான் உன் அப்பா செத்தார் என்கிற மாதிரி பேசி அதை ஓடவிடுகிறான். பெரியவர்களுக்கு அவன் பொய் சொல்வது தெரியும். ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்கு அந்தப் பேச்சு ரொம்ப நியாயமாகப் படும். அந்த வயதில் தான் நினைத்ததாலேயே, கோபப்பட்டதாலேயே கெட்டது நடக்கும் என்று பிள்ளைகள் நம்புவார்கள். 2019 தமிழ் டப்பிங்கில் அரவிந்த்சாமி குரலில் வேறு கேட்கிறது, நம்பாமல் என்ன செய்யும்! அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "இவன் பொய் சொல்றான். குட்டி மேல தப்பே இல்ல" என்று யாராவது சொல்லியிருந்தால் போதும், அந்தப் பையன் என் அறைக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிராக, பிள்ளையை விடத் தாங்களே கலங்கிப்போகும் பெற்றோரும் உண்டு. பலூன் கட்டி வீட்டையே பறக்கவிடும் கிழவரின் கதையான 'அப்' படத்தின் முதல் சில நிமிடங்களில் அவர் மனைவி இறந்துபோவார். பேச்சே இல்லாத காட்சி. பிள்ளை பலூன் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும். அப்பாவும் அம்மாவும் தேம்பிக்கொண்டிருப்பார்கள். பிள்ளையைப் பயமுறுத்துவது படமல்ல, உங்கள் முகம். அழலாம், தப்பில்லை. ஏன் அழுகிறீர்கள் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

படத்தில் செத்தது என்ன ஆச்சு என்று பிள்ளை கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "தூங்குது கண்ணு" என்று சொன்னால் அன்று இரவு அது தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்கு" என்றால் நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது ரகளை செய்யும். "சாமிகிட்ட போயிடுச்சு" என்று உங்கள் நம்பிக்கையைச் சொல்லுங்கள், ஆனால் அதற்கு முன்னால், "செத்துப் போச்சு, இனிமே மூச்சு விடாது, வலிக்காது, திரும்பி வராது" என்று சொல்லிவிடுங்கள். "அப்போ எப்ப வரும்?" என்று மறுபடி கேட்கும். சாவுக்குத் திரும்பி வருதல் இல்லை என்பது பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் மண்டையில் ஏறும். பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள். அதே காட்சியைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாலோ, பொம்மையைச் சாகடித்து விளையாடினாலோ அடிக்காதீர்கள். அது பயத்தை ஜீரணிக்கிற வழி.

சான்றிதழைப் பாருங்கள். இப்போது இந்தியாவில் யுஏ 7+, 13+, 16+ என்று தனித்தனியாக இருக்கிறது. ஓடிடியில் பூட்டுப் போடும் வசதி இருக்கிறது, போடுங்கள். யூடியூபில் அந்தச் சான்றிதழெல்லாம் கிடையாது. ஆட்டோபிளேயை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். புதுப் படமென்றால் முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள், முடியாவிட்டால் பார்த்தவரிடம் யாராவது சாகிறார்களா என்று கேளுங்கள். ராத்திரி படுக்கப்போகும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். தியேட்டரில் மூன்று நான்கு வயதுப் பிள்ளையைப் பெரும்பாலும் சத்தமும் இருட்டும்தான் மிரட்டும். ஓரத்து சீட் வாங்குங்கள், அழுதால் எழுந்து வாருங்கள். டிக்கெட் காசு போகட்டும். வீட்டில் சமீபத்தில் யாராவது இறந்திருந்தால், தயவுசெய்து, அந்தப் பிள்ளைக்கு எந்தப் படத்தையும் தனியாகப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

இரண்டு மூன்று நாள் கெட்ட கனவு வந்தால் அணைத்துப் படுங்கள், போய்விடும். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் தூக்கம் கெட்டிருந்தால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், உங்களை விட்டு நகராமல் இருந்தால் கூட்டி வாருங்கள். வரும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு, பிள்ளை பார்த்த மொபைலையும் எடுத்து வாருங்கள். ஹிஸ்டரியை அழிக்காமல்.