பிளேன் றெக்கை மேல எதுக்கு அந்தத் தகடு?

கோடநாடு வியூ பாயிண்ட்ல காத்தடிக்கிற நாள்ல ஒரு அரைமணி நேரம் சும்மா நின்னு மிஸ்ட்ட பாருங்க. தேயிலைச் சரிவு மெதுவா இறங்குற இடத்துல மிஸ்ட் செடிய தடவிக்கிட்டே கீழ வரும், ஆனா பாறை சடக்குன்னு செங்குத்தா விழுற விளிம்புல அதால ஒட்டி வர முடியாது, பிச்சுக்கிட்டு போயி அங்கயே சுருண்டு சுருண்டு நிக்கும். பிளேன் றெக்கைக்கு வர்ற பெரிய தலைவலியும் இதேதான், என்ன, அங்க மிஸ்ட் இல்லாததால கண்ணுக்குத் தெரியாது.

றெக்கைய ஒட்டி இருக்குற காத்து அது மேலயே அப்பிக்கும், அதுக்கு மேல உள்ளது கொஞ்சம் கொஞ்சமா வேகம் கூடி முழு வேகத்துக்கு வரும். இந்த மந்தமான மெல்லிய படலத்த 1904ல எட்டே பக்கத்துல எழுதிக் காட்டுனவர் ஜெர்மன்காரர் லுட்விக் பிராண்டல். றெக்கையோட பின்பக்கம் போகப் போக அழுத்தம் ஏறும், அதாவது மேட்டுல சைக்கிள் மிதிக்கிற மாதிரி, ஏற்கனவே சோர்ந்து போன படலம் பாதியில நின்னு பின்னாடி திரும்ப ஆரம்பிச்சிடும், அப்ப மேல ஓடுற காத்தும் றெக்கைய விட்டு விலகிடும். மூக்க ரொம்ப தூக்குனா, சாதாரண றெக்கைக்கு சுமார் 15 டிகிரி தாண்டுனா, இது றெக்கை முழுக்க பரவி தூக்குற விசை சரிஞ்சிடும். இதத்தான் ஸ்டால்னு சொல்றாங்க.

இப்ப போயிங் 737ல றெக்கைக்குப் பக்கத்து சீட் கிடைச்சா மேல வரிசையா குட்டி குட்டி தகடு நிக்கிறத பாக்கலாம். போட்டோவ எங்க சித்தப்பாட்ட காட்டுனேன், "ஏன்டா, வழவழன்னு இருந்தாத்தானே காத்து நல்லா ஓடும், இத எதுக்கு நட்டு வச்சிருக்கான்?"னாரு. நியாயமான கேள்விதான். அந்தத் தகடு காத்துக்கு கொஞ்சம் சாய்வா நிக்கும், அதனால ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு சின்ன சுழல் உருவாகும், அந்தச் சுழல் மேல இருக்குற வேகமான காத்த கீழ இழுத்து சோர்ந்த படலத்துக்குள்ள கலந்து விடும். தெம்பு வந்த காத்து இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டியே ஓடும். கோல்ஃப் பந்துல இருக்குற குழியும் படலத்த கலக்கி விடத்தான்.

ஆனா சும்மா கிடைக்காது, நேரா பறக்குறப்பவும் தகடு காத்த தடுத்துக்கிட்டே இருக்கும், அதுக்கு எரிபொருள் தண்டம். நுனி மடிஞ்ச விங்லெட் கதை வேற, அது நுனியில கீழ இருந்து மேல ஏறுற சுழல அடக்குது, தூரம் போற பிளேனுக்கு நல்ல மிச்சம்.

தேவைப்படுறப்ப மட்டும் வேலை செய்யுற மாதிரி ஒண்ணு வேணும்ல? 2015ல போயிங்கும் நாசாவும் ஒரு 757ஓட செங்குத்து வால்ல 31 குட்டி ஊதுகுழல் வச்சு பறக்க விட்டுப் பாத்தாங்க. டேக்ஆஃப்ல ஒரு இஞ்சின் போனா பிளேன் ஒரு பக்கமா திரும்பும், அத நேரா பிடிக்கத்தான் வால அவ்ளோ பெருசா கட்டுறாங்க, மத்த நேரம் அவ்ளோ பெருசு தேவையில்ல, கூடுதலா இருக்குறது வெறும் சுமை. ஊதி ஊதி காத்த ஒட்ட வச்சா சின்ன வாலே போதும்.

அந்த ஊதுகுழல்ல வர்ற காத்து இடமும் வலமுமா ஆடும்னு சொன்னதும் சித்தப்பா, "நம்ம தோட்டத்து ஸ்பிரிங்ளர் மாதிரியா?"ன்னாரு. கிட்டத்தட்ட அப்படித்தான் சித்தப்பா, ஆனா அதுல சுத்துற பாகம்னு ஒண்ணுமே கிடையாது, உள்ள இருக்குற வளைவுல காத்து தன்னையே தள்ளித் தள்ளி ஆடுது.