‘ஆரம்பத் தாக்குதல்’ இல்லை, முந்துதாக்கு

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் கோடை முகாம்களில் பிள்ளைகள் கையில் கொடுக்கும் கூடைப்பந்துக் குறிப்புகளில் ‘ஏர்லி அஃபென்ஸ்’ என்பதை ‘ஆரம்பத் தாக்குதல்’ என்று எழுதுகிறார்கள். இது தவறு. தவறு தாளோடு நிற்காமல் ஆட்டத்திலும் இறங்கிவிடுகிறது.

‘அஃபென்ஸ்’ லத்தீன் வழிச் சொல், வேரின் பொருள் மோதுதல். ‘டிஃபென்ஸ்’ பிறந்ததும் அதே வேரில். தாக்கு என்பது அதற்குப் பொருத்தமே. சிக்கலெல்லாம் ‘ஏர்லி’யில்தான்.

எதற்கு முன் தாக்குவது? எதிரணியின் தடுப்பு அமைவதற்கு முன். பந்து கைக்கு வந்ததும், கூடைக்கு எறிவதற்கான 24 வினாடிக் கடிகாரம் ஓடும், 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். எதிரணி திரும்பி வருவதற்குள் கூடையை எட்டினால் அது ஃபாஸ்ட் பிரேக். ஐந்து பேரும் திரும்பிவிட்டார்கள், ஆனால் யார் யாரைப் பிடிப்பது என்று இன்னும் கை நீட்டிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றால், கடிகாரம் ஏறத்தாழ 19இலிருந்து 14க்கு இறங்கும் அந்த இடைவெளியில் நிற்காமல் தொடர்வதுதான் ஏர்லி அஃபென்ஸ்.

‘ஆரம்பம்’ என்றதும் பிள்ளைகள் ஆட்டத்தின் ஆரம்பம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் 10 நிமிடப் பகுதியில் கண்டபடி எறிந்துவிட்டு, நான்காம் பகுதியில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ‘ஆரம்பம்’ வடசொல் என்று அதைத் ‘தொடக்கத் தாக்குதல்’ ஆக்கியவர்களும் உண்டு. சொல் தூய்மையானது, பிழை அப்படியே இருக்கிறது. ‘விரைவுத் தாக்குதல்’ என்றால் ஃபாஸ்ட் பிரேக்கோடு கலந்துவிடும். ‘முன்கூட்டிய தாக்குதல்’ போர்ச் செய்தி போல ஒலிக்கிறது, பெஞ்சிலிருந்து கத்தவும் வாய்க்கு அடங்காது. பனி இறங்கிய மைதானத்தில் காற்றை மீறிக் கேட்க இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொல்தான் வேண்டும்.

‘முந்து!’ என்றால் கேட்கும். தமிழில் முந்துவது என்பது இன்னொருவரை விட முந்துவது, அந்த இன்னொருவர் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார். பந்திக்கு முந்து என்றால் சும்மா சீக்கிரம் போ என்பதில்லை, இடம் நிறைவதற்குள் போ என்பது. முன்னொட்டாக வருவதும் புதிதில்லை, தொல்காப்பியப் பாயிரத்திலேயே ‘முந்துநூல்’ இருக்கிறது. ஆகவே முந்துதாக்கு.

இந்தச் சொல்லோடு வேலைப் பங்கீடும் எளிதாகும். ரீபவுண்டு, அதாவது கூடையில் விழாமல் திரும்பிய பந்தை, எடுத்தவர் பக்கக்கோட்டுப் பக்கம் திரும்பி, பந்து கொண்டுபோகிறவரிடம் கொடுக்கிறார். இருவர் பக்கக்கோட்டை ஒட்டி மூலைகளுக்கு ஓட, ஒருவர் நேரே கூடைக்கு முந்துகிறார். ஐந்தாமவர், அதாவது பந்தைக் கொடுத்தவர், வேண்டுமென்றே பிந்தி வருகிறார், அவரைப் பிந்துவீரர் எனலாம். ‘டிரெய்லர்’ என்பதற்குச் சில தாள்களில் ‘முன்னோட்டம்’ என்றே போட்டிருக்கிறார்கள். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுகிறவர் ஒரு முறையாவது மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

பிந்துவீரரும் கூடைக்கு ஓடினால் எல்லாம் கெட்டது. கூடையடியில் இரண்டு பேர், அவர்களைப் பிடிக்க இரண்டு பேர், பந்து கொண்டுவருபவருக்கு உள்ளே நுழைய வழியே இல்லை. அவர் 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டருகே வந்து பந்தைத் தட்டுவதை நிறுத்திக் கையில் எடுத்துவிட்டால், முந்தியது அத்தனையும் வீண். பனியில் நனைந்த சிமெண்ட் தரையில் நீளப் பாஸும் வழுக்கும். மார்பளவில் இரு கையால் குறும்பாஸ் இரண்டு கொடுப்பது நல்லது.

பழக்குவதற்கு ஐவருக்கு எதிராக நால்வர். தடுப்பணியின் ஐந்தாமவர் தம் எதிர்முனைக் கோட்டைக் காலால் தொட்டுவிட்டுத்தான் திரும்பி ஓடி வரலாம். பயிற்சியாளர் ‘இருபது, பத்தொன்பது’ என்று உரக்க எண்ணிக்கொண்டே வர வேண்டும். பதினான்கில் வழி திறக்காவிட்டால் எறியாமல் வெளியே எடுத்து, வழக்கமான அமைப்புக்குப் போகவேண்டும்.

பந்து கொண்டுவருபவரைப் பிடிக்கும் தடுப்பாளரை மறிக்க, பிந்துவீரர் ஓடி வந்து போடும் ‘டிராக் ஸ்கிரீன்’ மட்டும் இன்னும் சொல்லுக்கு அகப்படவில்லை. ‘ஓட்ட மறிப்பு’ என்றால் ஓடிக்கொண்டே மறிக்கலாம் என்று படும், கால் ஊன்றி நிற்காமல் மறித்து மோதினால் ஃபவுல். நல்ல சொல் வரும்வரை ‘டிராக்’ என்றே கத்தட்டும்.